முகத்துக்கு நேரே

எங்கள் ஊரில் யாரும் யாரையும் திட்ட மாட்டார்கள். முகத்துக்கு நேரே திட்ட மாட்டார்கள் என்று சொன்னால் இன்னும் சரியாக இருக்கும்.

இங்கே அமெரிக்காவின் மின்னசோட்டாவில் வருடத்தில் பாதி நாள் பனிதான். அந்தக் குளிருக்குக் கோபத்தைக்கூட வெளியே விடாமல் கம்பளிக்குள் பொத்தி வைத்துக்கொள்வோம். ஒருத்தி கண்ணைக் குத்தும் நிறத்தில் சட்டை போட்டுக்கொண்டு வந்தால், "அடடா, எவ்வளவு அழகா இருக்கு!" என்போம். அவள் தாண்டிப் போனதும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வோம்.

நானும் இந்த ஊர்க்காரிதான். பெயர் மார்லிஸ். ஐஸ் ஸ்கேட்டிங் கூடத்தில் கோக்கோவும் சூடான பன்னும் விற்கிறேன். பனித்தளத்தில் ஆடிவிட்டு மூக்கு சிவந்து வரும் எல்லாரிடமும், "இன்னைக்கு ரொம்ப நல்லா ஆடினே!" என்று சொல்லித்தான் கோப்பையை நீட்டுவேன். முழு நேரமும் விழுந்து புரண்டவர்களிடமும் அதையேதான் சொல்வேன்.

இப்படிப்பட்ட ஊருக்குத்தான் டெஸ்ஸா வந்து சேர்ந்தாள், பாவம்.

ஆஸ்திரேலியாவில் சுற்றிலும் கோதுமை வயலாக இருக்கும் ஒரு சின்ன ஊர் அவளுடையது. அவளுக்குப் பத்து வயது. அம்மா மாட்டு டாக்டர். எங்கள் பக்கத்துக் கல்லூரியில் ஒரு வருடம் பாடம் நடத்த வந்திருந்தார். அப்பா வீட்டைப் பார்த்துக்கொண்டார். வாசல் பனியைத் தள்ளிக் குவிப்பதற்குள் அவருக்கு மூச்சு வாங்கிவிடும். பனியைப் பார்த்து அவர் திட்டும் சத்தம் தெருக்கோடிவரை கேட்கும்.

பள்ளியில் முதல் நாள் டெஸ்ஸாவிடம் ஓடி வந்தவள் ஆட்ரி.

"ஹாய்! நான் ஆட்ரி! நீ பேசறது எவ்வளவு அழகா இருக்கு! உன் பை சூப்பர்! உன் முடி சூப்பர்! நாம ரெண்டு பேரும் ரொம்ப நெருங்கின ஃப்ரெண்ட்ஸ் ஆகப்போறோம், பாரு!"

டெஸ்ஸா திரும்பிப் பார்த்தாள். தனக்குப் பின்னால் வேறு யாராவது நிற்கிறார்களோ என்று அவளுக்குச் சந்தேகம்.

"இந்தப் பையா? இது பழசு. ஜிப்கூட வேலை செய்யாது," என்றாள்.

அவள் ஊர்ப் பழக்கம் அது. யாராவது புகழ்ந்தால் உடனே குனிந்து தப்பித்துவிட வேண்டும். "ஆமா, நல்ல பைதான்" என்று சொல்லிவிட்டால் அவ்வளவுதான். "பெரிய இவ வந்துட்டா" என்று வருடக்கணக்கில் ஓட்டுவார்கள்.

அங்கே அவளுடைய உயிர்த்தோழன் டார்சி என்று ஒரு பையன். அவன் அவளை "முட்டக்கண்ணி" என்பான். அவள் அவனை "கழுத மூஞ்சி" என்பாள். அவள் அமெரிக்காவுக்குக் கிளம்பிய அன்று டார்சி விமான நிலையம்வரை வந்தான். அவ்வளவு தூரமும் அவளுடைய கனமான பெட்டியை மடியில் வைத்துக்கொண்டே வந்தான். கடைசியில், "போய்த் தொலை. ஒரு வருஷம் நிம்மதியா இருப்பேன்" என்றான். விமானத்தில் டெஸ்ஸா அழுதுகொண்டே வந்தாள். தன்மேல் அவனுக்கு எவ்வளவு பிரியம் என்று அவளுக்குத் தெரியும்.

அந்த ஊரில் அப்படித்தான். முன்பின் தெரியாதவர்களிடம் மரியாதையாகப் பேசுவார்கள். மனசுக்குப் பிடித்துவிட்டால் பட்டப்பெயர் வைப்பார்கள். எவ்வளவு பிடிக்கிறதோ பெயர் அவ்வளவு மோசமாக இருக்கும்.

ஆட்ரியை டெஸ்ஸாவுக்கு மிகவும் பிடித்துவிட்டது. வந்த வினையே அதுதான்.

ஆட்ரி ஸ்கேட்டிங் ஆடுவாள். பள்ளி முடிந்ததும் எங்கள் கூடத்துக்கு வந்துவிடுவாள். கிறிஸ்துமஸுக்கு முன்னால் நடக்கும் குளிர்கால விழாவில் அந்த வருடம் முதல் முறையாகத் தனியாக ஆடப்போகிறாள். டெஸ்ஸாவும் கூடவே வருவாள். ஸ்கேட்டிங் தெரியாது. குளிர் ஒத்துக்கொள்ளாது. இருந்தாலும் மரத்தடுப்பில் தாடையை வைத்துக்கொண்டு, பல் கிடுகிடுக்க நின்று பார்ப்பாள். ஒரு நாள் ஆட்ரியின் கையுறை தொலைந்துபோனது. டெஸ்ஸா தன்னுடையதைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, இரண்டு கையையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். இதைப் பார்த்தபோது எனக்கே மனசு இளகிவிட்டது.

ஆனால் வாய் இருக்கிறதே!

அடியில் கத்தி வைத்த அந்த ஸ்கேட்டிங் ஷூவோடு ரப்பர் தரையில் நடக்கும்போது ஆட்ரியின் பாதம் இரண்டும் கொஞ்சம் வெளிப்பக்கமாகத் திரும்பும். ஒரு நாள் அவள் நடந்து வருவதைப் பார்த்த டெஸ்ஸா கைகொட்டிச் சிரித்தாள்.

"ஏ வாத்துக்காலி! சீக்கிரம் வா! குளத்துல தண்ணி வத்திடப்போகுது!"

ஆட்ரி சிரித்தாள். எங்கள் ஊர்ச் சிரிப்பு அது. உதடு மட்டும் சிரிக்கும்.

டெஸ்ஸாவுக்கு அது எப்படித் தெரியும்? சிரித்தால் சிரிப்பு என்றுதான் அவள் நினைத்தாள். பதிலுக்கு ஆட்ரி தனக்கும் ஒரு பெயர் வைப்பாள் என்று காத்திருந்தாள். முட்டைக்கண்ணை நன்றாக உருட்டிக்கூடக் காட்டினாள். ஆட்ரி ஒன்றும் சொல்லவில்லை. 'பாவம், இவளுக்கு வேகமா யோசிக்க வராதுபோல' என்று டெஸ்ஸா நினைத்துக்கொண்டாள். அன்று முதல் ஆட்ரி வாத்துக்காலி ஆகிவிட்டாள்.

இன்னொரு நாள் ஆட்ரி முதல் முறையாக ஒரு கடினமான தாவலைச் சரியாகத் தாவி இறங்கினாள். சுற்றி நின்றவர்கள் எல்லாரும் கைதட்டினார்கள். "சூப்பர்! பிரமாதம்! நீ ஒரு நட்சத்திரம்!"

ஆட்ரி மூச்சு வாங்கிக்கொண்டே டெஸ்ஸாவின் முகத்தைப் பார்த்தாள். டெஸ்ஸாவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்திருந்தது.

"பரவால்ல. அவ்வளவு மோசமில்ல," என்றாள்.

அவள் ஊரில் இதற்கு மேல் ஒரு பாராட்டு கிடையாது. "அவ்வளவு மோசமில்ல" என்று யாராவது சொல்லிவிட்டால் சாப்பாடு இறங்காது, அவ்வளவு சந்தோஷமாக இருக்கும்.

"தேங்க்ஸ்," என்றாள் ஆட்ரி. எங்கள் ஊர் தேங்க்ஸில் பல அளவுகள் உண்டு. இது இருப்பதிலேயே சின்னது.

அதற்கு அடுத்த வாரம் பள்ளிச் சாப்பாட்டு அறையில், ஆட்ரியின் பக்கத்து நாற்காலியில் டெஸ்ஸா உட்காரப் போனாள். ஆட்ரி அதன்மேல் கையை வைத்தாள்.

"ஐயோ, ஸாரி டெஸ்! இங்க ஆள் வராங்க. உன் தொப்பி சூப்பரா இருக்கு!"

அந்த நாற்காலிக்கு யாரும் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அந்த ஆளுக்குக் காய்ச்சலாக இருக்கும் என்று டெஸ்ஸா நினைத்தாள். தொப்பியைத்தான் ஆட்ரி பாராட்டினாளே! கோபமாக இருப்பவள் தொப்பியைப் பாராட்டுவாளா?

அந்த வாரம் மளிகைக்கடையில் டெஸ்ஸா ஆட்ரியின் அம்மா மிசஸ் ஓல்சனைப் பார்த்தாள். மிசஸ் ஓல்சன் எங்கள் ஊரிலேயே இனிமையான பெண்மணி. அவருடைய சிரிப்பு காதுவரை போகும்.

"டெஸ்ஸா கண்ணு! எப்படி இருக்கே? எப்ப வேணும்னாலும் வீட்டுக்கு வா! உன் வீடு மாதிரி நினைச்சுக்கோ!"

"சரி கேரின், வர்றேன்!" என்றாள் டெஸ்ஸா.

காதுவரை போயிருந்த சிரிப்பு பாதியில் நின்றது. பத்து வயதுப் பிள்ளை தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதை அவர் அதுவரை கேட்டதில்லை. டெஸ்ஸாவின் ஊரில் பக்கத்து வீட்டுத் தாத்தாவைக்கூடப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். மிசஸ் ஓல்சன் எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

'எப்ப வேணும்னாலும் வா' என்றால் டெஸ்ஸாவுக்கு ஒரே அர்த்தம்தான். சனிக்கிழமை மத்தியானம் கிளம்பிவிட்டாள்.

"வெறுங்கையோட போகாதே, குட்டிப் பிசாசே," என்றார் அவளுடைய அப்பா. காலையில் அவர் செய்த கேக் துண்டுகளை ஒரு தகர டப்பாவில் அடுக்கிக் கொடுத்தார். சாக்லேட்டில் முக்கி, தேங்காய்த்துருவலில் புரட்டிய கேக். ஊர் நினைப்பு வந்தால் அவர் அதைத்தான் செய்வார்.

ஓல்சன் வீட்டுக்குப் போன டெஸ்ஸா முன்வாசல் பக்கம் போகவில்லை. வேண்டியவர்கள் வீட்டுக்குப் பின்கட்டு வழியாகத்தான் போக வேண்டும் என்பது அவள் ஊர் வழக்கம். காலைத் தட்டிப் பனியை உதறினாள். சமையலறைக் கதவைத் திறந்துகொண்டு, "ஏ, யார் இருக்கீங்க?" என்று உள்ளே போனாள்.

எல்லாரும் இருந்தார்கள்.

மேசையைச் சுற்றி அவள் வகுப்புப் பெண்கள் அத்தனை பேரும் நின்றார்கள். எல்லார் தலையிலும் காகிதத் தொப்பி. நடுவில் மூன்றடுக்குக் கேக். கேக்கின்மேல் ஆட்ரியின் பெயர். அதன் பின்னால் வெள்ளைக் கவுனில் ஆட்ரி.

பாட்டுப் பாடிக்கொண்டிருந்த வாய்கள் பாதியில் நின்றுபோயின.

"அடடே, டெஸ்ஸா!" மிசஸ் ஓல்சன்தான் முதலில் சுதாரித்துக்கொண்டார். "என்ன ஒரு... என்ன ஒரு இனிமையான ஆச்சரியம்! வா வா! ஒரு தட்டு எடுக்கறேன்!"

டப்பாவை வாங்கித் திறந்து பார்த்தார். "ஆஹா, எவ்வளவு அழகு!" என்றார். டப்பாவை மூடி ஃப்ரிட்ஜுக்கு மேலே வைத்தார். அதை அன்று யாரும் கீழே இறக்கவில்லை.

"உனக்கு வேற வேலை இருக்கும்னு நினைச்சோம்," என்றாள் ஒரு பெண்.

"ஆமாமா, நீ பிசியா இருப்பேன்னு நினைச்சோம்," என்றாள் இன்னொருத்தி.

டெஸ்ஸாவுக்கு முகம் சுட்டது. வகுப்பில் எல்லாரையும் கூப்பிட்டிருக்கிறார்கள், தன்னைத் தவிர. அழுகை வரப்பார்த்தது. அவள் ஊரில் அழுகை வந்தால் என்ன செய்வார்கள்? கிண்டலடிப்பார்கள். அவளும் அதையே செய்தாள்.

"என்னடி வாத்துக்காலி," என்றாள். "எனக்குத் தெரியாம முழுக் கேக்கையும் முழுங்கிடலாம்னு பாத்தியா?"

ஆட்ரியின் முகம் கோணியது. சட்டென்று வெடித்து அழுதாள்.

"பாத்தீங்களா? பாத்தீங்களா அம்மா? என் பிறந்தநாள்லகூட! இவளுக்கு என்னைப் பிடிக்கவே பிடிக்காது! தினமும் எதாவது சொல்லிக் குத்திக்கிட்டே இருக்கா!"

"ஆட்ரி, தங்கம், அப்படிச் சொல்லக்கூடாது. நாம எல்லாரும் ஃப்ரெண்ட்ஸ்தானே," என்றார் மிசஸ் ஓல்சன், சிரிப்பை விடாமல்.

டெஸ்ஸா ஆட்ரியையும் அவள் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள். பிடிக்காதா? யாருக்கு யாரை?

போகும்போது மிசஸ் ஓல்சன் ஒரு கேக் துண்டைக் காகிதத்தில் சுற்றிக் கையில் கொடுத்தார். "மறுபடி கண்டிப்பா வரணும், சரியா?" என்றார். டெஸ்ஸா அந்தப் பொட்டலத்தைத் தெருமுனைவரை கொண்டுபோனாள். அங்கே குவித்திருந்த பனியில் அதைப் புதைத்துவிட்டாள். பிறகு நன்றாக மிதித்தாள்.

வீட்டில் அப்பா உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். டெஸ்ஸா நடந்ததைச் சொன்னாள்.

"அடக் கொடுமையே," என்றார் அப்பா. "நீ சும்மா பிரியமாத்தானே சொன்னே? நாம எப்பவும் இப்படித்தானே பேசுவோம்."

"அப்பா, ஒண்ணு கேக்கறேன். என்னை நல்ல பொண்ணுன்னு எப்பவாவது சொல்லியிருக்கீங்களா? நேரா, கிண்டல் இல்லாம?"

அப்பாவின் கத்தி நின்றது. அவர் காது சிவந்தது.

"அதெல்லாம் சொல்லணுமா? உனக்கே தெரியுமே."

"இப்ப சொல்லுங்க."

அப்பா உருளைக்கிழங்கைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். "நீ வந்து... நீ..." என்று இழுத்தார். "இந்த ஹீட்டர் ஏன் இப்படிச் சத்தம் போடுது?" என்று எழுந்துபோய்விட்டார்.

ஊரில், ஆளைத் தூக்கி அடிக்கும் காளையையே கட்டிப்போட்டவர் அவர். நாலு நல்ல வார்த்தை சொல்ல முடியாமல் ஹீட்டருக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டார். அதைப் பார்க்க டெஸ்ஸாவுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே அழுகையும் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவள் யோசித்தாள். 'சரி, இந்த ஊர்க்காரங்க மாதிரியே பேசிடலாம்' என்று முடிவு செய்தாள். திங்கட்கிழமை காலையில் எல்லார் முன்னாலும் ஆட்ரியிடம் போய் நின்றாள்.

"ஹாய் ஆட்ரி! உன் ஸ்வெட்டர் சூப்பர்! உன் முடி சூப்பர்! உன்... உன் டிபன் டப்பா சூப்பர்!"

அவளுக்கு அந்த வார்த்தைகள் வாயில் நிற்கவில்லை. வேறு யாரோ பேசுவதுபோல இருந்தது. இரண்டு பையன்கள் பக்கென்று சிரித்தார்கள்.

ஆட்ரியின் கண் நிறைந்துவிட்டது. "போதும் டெஸ்ஸா. நான் பேசற மாதிரியே எல்லார் முன்னாடியும் நடிச்சுக்காட்ட வேண்டாம்."

அத்தோடு அவர்களுக்குள் பேச்சு நின்றது. ஸ்கேட்டிங் கூடத்துக்கு ஆட்ரி மட்டும் வந்தாள். மரத்தடுப்பு காலியாக இருந்தது. "உன் ஃப்ரெண்ட் எங்கே?" என்று நான் கேட்டேன். "அவ பிசியா இருக்கா," என்றாள் ஆட்ரி. எங்கள் ஊரில் எல்லாரும் எப்போதும் பிசிதான்.

குளிர்கால விழா வந்தது. ஊரே திரண்டு வந்திருந்தது. எனக்குக் கோக்கோ ஊற்றி மாளவில்லை. கூட்டத்தின் கடைசியில், தூணுக்குப் பக்கத்தில், தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டு டெஸ்ஸா நிற்பதைப் பார்த்தேன். அவளை யாரும் கூப்பிடவில்லை. ஆட்ரியின் ஆட்டத்தைப் பார்க்காமல் அவளால் வீட்டில் உட்கார முடியவில்லை.

ஆட்ரி நீல உடையில் வந்தாள். நன்றாகத்தான் ஆரம்பித்தாள். அந்தத் தாவல் வந்தது. எம்பினாள். ஒரு நொடி கீழே காலைப் பார்த்தாள். அடுத்த நொடி பனியில் கிடந்தாள்.

எழுந்தாள். ஒன்றுமே இல்லாத இடத்தில், சும்மா வளைந்து திரும்பும்போது மறுபடியும் விழுந்தாள். பாட்டு அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அவள் எழுந்து பாட்டைத் துரத்திக்கொண்டு ஓடி எப்படியோ ஆடி முடித்தாள்.

நாங்கள் எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினோம். நாங்கள் வேறு என்ன செய்வோம்?

"பிரமாதம்!" "கண்ணுலயே நிக்குது!" "நீ ஒரு நட்சத்திரம்!" ஆட்ரி வெளியே வந்ததும் ஆளுக்கு ஆள் சொன்னார்கள். மிசஸ் ஓல்சன் பூச்செண்டைக் கொடுத்து, "அற்புதமா இருந்துச்சு, தங்கம்! ஒரு குறையும் இல்ல!" என்றார். ஆட்ரி எல்லாருக்கும் தேங்க்ஸ் சொன்னாள். சொல்லச் சொல்ல அவள் முகம் வெளுத்துக்கொண்டே போனது. பூச்செண்டை அம்மாவிடமே கொடுத்துவிட்டு உடைமாற்றும் அறைக்குள் போய்விட்டாள்.

ஒரு கோப்பை கோக்கோ எடுத்துக்கொண்டு நானும் பின்னால் போனேன். எனக்கு முன்பே டெஸ்ஸா உள்ளே போயிருந்தாள். நான் கதவோரமாக நின்றுவிட்டேன். ஒட்டுக்கேட்டேனா என்றால், ஆமாம், கேட்டேன்.

ஆட்ரி பெஞ்சில் உட்கார்ந்து ஸ்கேட்டிங் ஷூவின் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தாள். விரல் விறைத்துப்போயிருந்ததால் முடிச்சு அவிழவில்லை. டெஸ்ஸா கீழே உட்கார்ந்து அதை அவிழ்க்க ஆரம்பித்தாள்.

"நீ மட்டும் ஏன் பாக்கி?" என்றாள் ஆட்ரி. "நீயும் சூப்பர்னு சொல்லிட்டுப் போ."

"சூப்பர் இல்ல," என்றாள் டெஸ்ஸா. "ரெண்டு தடவை விழுந்தே. முதல்ல தாவும்போது விழுந்தே. அந்தப் பயத்துல மறுபடி விழுந்தே."

ஆட்ரி அவளையே பார்த்தாள். பிறகு அழுதாள். பிறந்தநாள் அன்று அழுததைவிடச் சத்தமாக.

"தெரியும்! எனக்குத் தெரியாதா? நான்தானே விழுந்தேன்! அப்புறம் ஏன் எல்லாரும் பொய் சொல்றாங்க? அம்மாகூட! நான் விழுந்ததை யாருமே பாக்காத மாதிரி!"

"நீ மட்டும் என்னவாம்?" டெஸ்ஸாவின் குரல் கசந்தது. "ஆள் வராங்கன்னு சொன்னியே, யார் வந்தாங்க?"

ஆட்ரி மூக்கைத் துடைத்தாள். "யாரும் வரல."

"எப்ப வேணும்னாலும் வான்னு உங்கம்மா சொன்னாங்களே?"

"அது... அது சும்மா சொல்றது."

"சும்மா சொல்றதுன்னு ஒண்ணு இருக்குன்னே எனக்குத் தெரியாது, ஆட்ரி. எங்க ஊர்ல வான்னா வரணும்."

"ஓ! எனக்கு மட்டும் எல்லாம் தெரியுமா?" ஆட்ரி எழுந்து நின்றுவிட்டாள், ஒரு காலில் ஷூவும் ஒரு காலில் காலுறையுமாக. "வாத்துக்காலின்னு நீ சொன்னதுலேர்ந்து நான் எங்க நடந்தாலும் என் காலையே பாத்துக்கிட்டு நடக்கறேன். பள்ளிக்கூடத்துல, கடையில, வீட்டுல, எல்லா இடத்துலயும்! இன்னைக்குத் தாவும்போதுகூட அந்த நினைப்புதான் வந்துச்சு. குனிஞ்சு பாத்தேன். விழுந்தேன்! உன்னைப் பார்ட்டிக்குக் கூப்பிட வேணாம்னு அம்மாகிட்ட சொன்னதே நான்தான். நீ ரொம்ப மோசமானவ!"

இப்படி ஒரு பேச்சை எங்கள் ஊர்ப் பிள்ளை ஒன்று முகத்துக்கு நேரே பேசி நான் கேட்டதில்லை. கோக்கோ கையில் ஆறிக்கொண்டிருந்தது.

டெஸ்ஸா தரையிலேயே உட்கார்ந்திருந்தாள். அவளுக்குக் கிண்டல் எதுவும் தோன்றவில்லை.

"என்னாலதான் விழுந்தியா?" என்றாள்.

"கொஞ்சம் உன்னால. கொஞ்சம் எனக்கே பயம்."

"ஸாரி, ஆட்ரி. இனிமே அந்தப் பேரைச் சொல்ல மாட்டேன்." டெஸ்ஸா கையிலிருந்த கயிற்றை முறுக்கினாள், பிரித்தாள். அவளுடைய அப்பாவைப்போலவே அவளுக்கும் காது சிவந்தது. சுவரில் ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் அவள் எழுந்து போகவில்லை. "இந்த ஊர்லயே எனக்கு உன்னைத்தான் பிடிக்கும். உன்னை மட்டும்தான் பிடிக்கும். நீ தாவும்போது எனக்கு மூச்சே நின்னுடும்."

"அப்ப அதை ஏன் சொல்லவே இல்ல?"

"தினமும்தான் சொன்னேன்," என்றாள் டெஸ்ஸா. "உனக்குக் கேக்கல."

ஆட்ரி மெதுவாகப் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"எனக்கு இன்னும் கோபம் போகல," என்றாள் ஆட்ரி.

"எனக்கும்தான். என்னை மட்டும் விட்டுட்டு எல்லாரையும் கூப்பிட்டியே. அது ரொம்ப வலிச்சுது."

"நாளைக்கும் எனக்குக் கோபம் இருக்கும்."

"இருக்கட்டும். நாளைக்கும் வந்து திட்டு. சும்மா சிரிச்சு அனுப்பாதே, அதுதான் எனக்குத் தாங்கல."

ஆட்ரி யோசித்தாள். பிறகு இன்னொரு காலை நீட்டினாள். டெஸ்ஸா முடிச்சை அவிழ்த்தாள்.

நான் சத்தமில்லாமல் திரும்பி வந்துவிட்டேன்.

அவர்கள் வெளியே வந்தபோது கூட்டம் இன்னும் கலையவில்லை. பூச்செண்டோடு மிசஸ் ஓல்சன் நின்றுகொண்டிருந்தார். தபால் அலுவலகத்தில் வேலை பார்க்கும் மிஸ்டர் ஹால்வர்சன் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வந்தார்.

"ஆட்ரி! என்ன ஆட்டம்! மனசு நிறைஞ்சு போச்சும்மா!"

"இல்ல மிஸ்டர் ஹால்வர்சன்," என்றாள் ஆட்ரி. "நான் ரெண்டு தடவை விழுந்தேன். முட்டி ரொம்ப வலிக்குது."

அவர் வாய் திறந்தபடியே நின்றது. மிசஸ் ஓல்சன் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. பக்கத்தில் நின்றவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள், நான் ஏதாவது நல்லபடியாகச் சொல்லிச் சமாளிப்பேன் என்று. எனக்கும் ஒன்றும் வரவில்லை. வலிக்கிறது என்று ஒரு பிள்ளை சொன்னால் என்ன பதில் சொல்வது என்று எங்களுக்குப் பழக்கமே இல்லை.

டெஸ்ஸாவுக்கு மட்டும் வந்தது.

"எந்த முட்டி?" என்று கேட்டாள்.

"ரெண்டும்."

"சரி, என் தோளைப் பிடிச்சுக்கோ."

ஆட்ரி பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் நொண்டி நொண்டிக் கூட்டத்தைத் தாண்டி வாசல்வரை போனார்கள். ஆட்ரி நேராக முன்னால் பார்த்துக்கொண்டே நடந்தாள். ஒரு தடவைகூடக் குனிந்து தன் காலைப் பார்க்கவில்லை.